ஐந்துக்கு மூன்று



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து, கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஃபாதர், மகன் சனிக்கிழமை நண்பர்களோடு பனிமலைக்குப் போகிறான். பனிச்சரிவு ஆபத்து எவ்வளவு என்று கேட்டேன். கைப்பேசியைப் பார்த்துவிட்டு, 'ஐந்துக்கு மூன்றுதான் அம்மா, நடுத்தரம்' என்கிறான். நான் நிம்மதியாக இருக்கலாமா?"

அந்த நேரத்தில் நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. வாரம் முழுவதும் அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே, 'மூன்று' என்னும் அந்த எண் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்னும் வரலாற்றை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. குளிர்காலத்தில் மலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையுடன் முழுவதையும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாம் கடற்கரை மக்கள். யாழ்ப்பாணம், மன்னார், தூத்துக்குடி, குமரி என்று நம்முள் பலரும் அலையோசை கேட்டு வளர்ந்தவர்கள். வாடையும் கச்சானும் சோளகமும் நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தன. பனியைப் பற்றி அவர்கள் நமக்கு எதுவும் சொல்லிச் செல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளோ மியூனிக்கில் பிறந்தவர்கள். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஃபோன் காற்று வீசும் நாள்களில், ஒலிம்பியாபெர்க் குன்றின் மேல் நின்றால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் கைக்கெட்டும் தொலைவில் நிற்பதுபோல் தோன்றும். காலையில் தொடர்வண்டி ஏறினால் நண்பகலுக்கு முன்பே பனியில் நிற்கலாம். அவர்கள் அங்கே போவது இயல்பு. நமக்குத் தெரியாத ஒரு நிலத்தில் அவர்கள் நடக்கிறார்கள் என்பதே நம் அச்சத்தின் வேர்.

இந்த வரலாற்றை ஒரு குருவானவரிடமிருந்து தொடங்குவது எனக்கு மகிழ்ச்சி. ஆஸ்திரியாவின் ஊட்ஸ்டால் பள்ளத்தாக்கில், வெண்ட் என்னும் சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தவர் ஃபிரான்ஸ் சென். 1831-இல் பிறந்த இவரைப் 'பனியாற்றுப் பங்குத்தந்தை' என்றே மக்கள் அழைத்தனர். அவருடைய பங்கு மக்கள் மிகுந்த வறுமையில் வாழ்ந்தனர். மலை ஏற வரும் நகரத்தாருக்கு வழிகாட்டிகளாகப் பணியாற்றினால் தம் மக்களுக்குப் பிழைக்க வழி பிறக்கும் என்று அவர் கண்டார். பாதைகள் அமைத்தார், இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பழக்கினார், தாமும் சிகரங்களில் ஏறினார். 1868-இல் பனிப்புயல் ஒன்றின் நடுவே வெண்டுக்குத் திரும்பும் வழியில், அவருடைய நெருங்கிய வழிகாட்டியான சிப்ரியான் கிரான்பிக்லர் உயிரிழந்தார்.

அடுத்த ஆண்டு, 1869 மே 9 அன்று, நம் மியூனிக் நகரில் ஜெர்மன் ஆல்பைன் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் தோற்றத்துக்கு முன்னின்று உழைத்தவர்களுள் இந்தப் பங்குத்தந்தையும் ஒருவர். பிராக் நகர வணிகர் யோஹான் ஸ்டூடுல், மியூனிக் சட்ட மாணவர் கார்ல் ஹோஃப்மன், புத்தக வணிகர் தியோடோர் டிராவுட்வைன் ஆகியோர் அவருடன் நின்றனர். மலையில் பாதை, தங்குமனை, பயிற்சி பெற்ற வழிகாட்டி என்ற மூன்றையும் பொதுப்பொறுப்பாக எடுத்துக்கொண்ட இயக்கம் அது. இன்று நம் பிள்ளைகள் சிலர் உறுப்பினராக இருக்கும் அதே சங்கம்தான் இது.

இதற்கு முன்பும் திருச்சபையின் கைகள் பனியில் இருந்தன. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய புனித பெர்னார்ட் கணவாயில், ஏறத்தாழ 1050-ஆம் ஆண்டில் புனித பெர்னார்ட் ஒரு விருந்தோம்பல் இல்லத்தை நிறுவினார். அங்கு வாழ்ந்த துறவியர் பல நூற்றாண்டுகளாக வழிப்போக்கர்களைப் பனியிலிருந்து மீட்டு வந்தனர். அவர்களுடைய நாய்களுள் 1800-இல் பிறந்த 'பாரி' நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாகப் போற்றப்படுகிறது. 1923-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் இந்தப் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அந்தத் திருத்தந்தையே இளமையில் தேர்ந்த மலையேறி. 1889-இல் மோன்டே ரோசா மலையின் செங்குத்தான கிழக்கு முகத்தின் வழியாக ஏறியவர்.

ஆயினும் மீட்பது வேறு, முன்னரே எச்சரிப்பது வேறு. எச்சரிப்பதற்கு, பனி ஏன் சரிகிறது என்று முதலில் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு மிகவும் தாமதமாகவே வந்தது.

பனி ஒரே திரளாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு படலமாக விழுகிறது. மேகமற்ற குளிரிரவுகளில் மேற்பரப்பில் கண்ணாடித் துகள்போன்ற உறைபனிப் படிகங்கள் முளைக்கின்றன. அடியில், நிலத்தின் வெதுவெதுப்பால் பனி தன் பிடிப்பை இழந்து சீனி போன்ற தளர்ந்த மணிகளாகிறது. இந்தத் தளர்ந்த படலத்தின் மீது புதுப்பனி விழுகிறது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் இறுக்கிப் பூசுகிறது. 'காற்றே பனிச்சரிவின் கொத்தனார்' என்று ஆல்ப்ஸ் மலையேறிகளிடையே ஒரு சொல் வழங்குவது இதனால்தான். இப்போது மேலே உறுதியான பலகை, கீழே பரப்பிய சீனி. சரிவு ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால், ஒரு மனிதரின் எடையே போதும். தளர்ந்த படலம் ஓரிடத்தில் முறிகிறது. முறிவு கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுவதும் ஓடுகிறது. பலகை அப்படியே கழன்று வழுக்குகிறது. ஜெர்மானியர் இதை 'ஷ்னேபிரெட்', அதாவது பனிப்பலகை என்கின்றனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பனிப்பலகையில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலோர், மேலிருந்து தற்செயலாக வந்த பனியில் மாட்டிக்கொள்வதில்லை. தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோதான் அதைக் கட்டவிழ்த்து விடுகின்றனர். ஆபத்து ஓரளவு நம் காலடியிலேயே இருக்கிறது. இது அச்சமூட்டும் செய்தி என்றாலும் ஆறுதலும் இதில் உண்டு: கால் வைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்ய நம்மால் முடியும்.

இனி, பவேரியாவை உலுக்கிய ஒரு நாளுக்கு வருகிறேன். 1965 மே 15, சனிக்கிழமை. நம்மில் பலரும் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டும் சுக்ஷ்பிட்ஸ மலை. 2,962 மீட்டர் உயரம். ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரம். அதன் சிகரத்துக்குக் கீழே, ஏறத்தாழ 2,650 மீட்டரில், ஷ்னேஃபெர்னர்ஹவுஸ் என்னும் விடுதி இருந்தது. மலை இரயில் வந்து நிற்கும் இடம் அது. கீழே பள்ளத்தாக்கில் வசந்தம்; மேலே இன்னும் கனத்த பனி. விடுதியின் திறந்த மேல்தளத்தில் மக்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தனர். மேலிருந்த சரிவிலிருந்து பனி கழன்று வந்து அந்தத் தளத்தை வாரிச் சென்றது. 10 பேர் மாண்டனர். 21 பேர் கடுமையாகக் காயமுற்றனர்.

அவர்கள் சாகசம் தேடிச் சென்ற மலையேறிகள் அல்லர். இரயிலில் ஏறி வந்து, சாய்வு நாற்காலியில் அமர்ந்தவர்கள். 'இரயில் வருகிறது, விடுதி இருக்கிறது. ஆகவே இடம் பாதுகாப்பானது' என்று நம்பியவர்கள். அவர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்போம். அந்த நம்பிக்கை தவறு என்பதைப் பவேரியா அன்று பத்து உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அதன் விளைவாக, 1967-இல் பவேரியப் பனிச்சரிவு எச்சரிக்கைப் பணி உருவாக்கப்பட்டது. மலையூர்களில் ஆணையங்கள் அமைந்தன. அவ்வூர்களின் சரிவுகளைச் சிறுவயது முதல் அறிந்த மனிதர்கள், பனியைத் தோண்டிப் படலங்களைப் பார்த்து, சாலையையும் பனிச்சறுக்குத் தடத்தையும் மூடுவதா வேண்டாமா என்று ஆலோசனை கூறுகின்றனர். குளிர்காலத்தில் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு நாள்தோறும் வரும் அறிக்கையின் பின்னால், விடியற்காலையில் மண்வாரியுடன் பனியில் முழந்தாளிட்டிருக்கும் ஒருவர் இருக்கிறார். அதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் இன்னும் ஒரு குழப்பம் எஞ்சியிருந்தது. மலைத்தொடர் ஒன்று, நாடுகள் பல. ஒவ்வொரு நாடும் தன் தன் அளவுகோலில் ஆபத்தை அளந்தது. எல்லையைக் கடந்தால் எண்ணின் பொருளே மாறிவிடும். 1993 ஏப்ரலில், மியூனிக்குக்குத் தெற்கே, டேகெர்ன்சே ஏரிக்கு அப்பால் உள்ள வில்ட்பாட் குரொய்த்தில் ஐரோப்பிய எச்சரிக்கைப் பணியினர் கூடினர். அங்கேதான் ஐந்து படிகள் கொண்ட பொது அளவுகோல் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 பெரிது, 5 மிகப் பெரிது. அந்தத் தாயின் மகன் கைப்பேசியில் பார்த்த 'மூன்று' பிறந்த இடம் அதுவே.

அன்பார்ந்தவர்களே, நம் சமூகத்துக்கு இங்கேதான் ஒரு தடுமாற்றம் நேர்கிறது. எண்ணைக் கண்டதும் நாம் அதை மதிப்பெண்ணாக வாசிக்கிறோம். ஐந்துக்கு மூன்று என்றால் தேர்ச்சி, நடுத்தரம், பரவாயில்லை. அது மதிப்பெண் அன்று. ஊரில் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், 'பதினொன்றுக்கு மூன்றுதானே' என்று கணக்குப் பார்த்துக் கட்டுமரத்தைத் தள்ளிய மீனவர் உண்டா? கூண்டு எண் கடலின் நிலையைச் சொல்லும் குறி என்பது நமக்குத் தெரியும். இதுவும் அத்தகைய குறியே.

மேலும் இந்தப் படிகள் சம உயரம் உள்ளவை அல்ல. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது ஆபத்து ஒரு பங்கு கூடுவதில்லை, பன்மடங்காகிறது. மூன்றாம் படியில், தனியொருவரின் எடையே செங்குத்தான சரிவுகளில் பனிப்பலகையைக் கழற்றிவிடக்கூடும். ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சரிவால் இறக்கும் மலைப்பயணிகளில் மிகப் பலர் இந்த மூன்றாம் படி நாள்களிலேயே இறக்கின்றனர். ஐந்தாம் படி அறிவிக்கப்பட்டால் எவரும் வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை. மூன்றாம் நாளிலோ வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி மின்னும், விடுமுறையும் வாய்த்திருக்கும், எண்ணோ நடுவில் நிற்கும். ஆகவே போகலாம் என்று தோன்றும்.

எச்சரிக்கை ஏற்பாடு வந்தபின் துயரங்கள் ஓய்ந்துவிட்டன என்று சொல்ல இயலாது. 1999 பிப்ரவரி 23 அன்று மாலை, டிரோல் மாநிலத்தின் கால்ட்யூர் ஊரின் மீது பெரும் பனிச்சரிவு இறங்கியது. 31 பேர் இறந்தனர். பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்த விருந்தினர். மறுநாள் அருகிலிருந்த வால்ட்சூரில் இன்னும் 7 பேர். பாதுகாப்பானது என்று வரையறுக்கப்பட்ட பகுதிக்குள்ளும் அன்று பனி புகுந்தது. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் தம் கோட்டை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. மனித அறிவு ஆபத்தின் எல்லையை மதிப்பிடத்தான் முடியும். அந்த எல்லையைக் கடக்காதே என்று பனிக்குக் கட்டளையிட முடியாது.

நம் இனத்துக்கும் பனிக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சின் பனியாற்றில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், மதராஸ் படைப்பிரிவின் 19-ஆம் அணியைச் சேர்ந்த 10 வீரர்கள் பனிக்கட்டிச் சுவர் சரிந்து புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டின் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது, பிப்ரவரி 11 அன்று அவரும் மறைந்தார். வெயிலில் பிறந்த அந்த வீரர்கள் கடமையின் பொருட்டுப் பனிக்குச் சென்றவர்கள். விட்டு விலகும் உரிமை அவர்களுக்கு இல்லை. பொழுதுபோக்குக்காக மலைக்குப் போகும் நமக்கோ திரும்பி வரும் உரிமை முழுமையாக இருக்கிறது.

"கருவிகள் இருக்கின்றனவே, ஃபாதர்" என்று இளையோர் சொல்வார்கள். இருக்கின்றன. புதையுண்டவரைக் குறிகாட்டும் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இல்லாமல் பனிச்சரிவு நிலத்தில் கால் வைப்பதே தவறு. அக்கருவிகளுள் ஒன்றான 'பாரிவாக்ஸ்' அந்தப் பழைய நாயின் பெயரைத்தான் சுமக்கிறது. பனிச்சரிவுக் காற்றுப்பைகூட நம் பகுதியில் தோன்றியதே. பவேரிய வனக்காவலர் யோசெஃப் ஹோஹெனெஸ்டர், வேட்டையாடிய விலங்கைத் தோளில் சுமந்து வந்தபோது பனிச்சரிவில் சிக்கியும் மேற்பரப்பிலேயே மிதந்ததைக் கவனித்தார். உருவம் பெரிதானால் பனி அதை மேலே தள்ளுகிறது என்பது அதன் சூட்சுமம். அந்த எண்ணத்தை வாங்கி வளர்த்த பீட்டர் அஷாவர், 1985-இல் மியூனிக் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் காற்றுப்பையை அறிமுகப்படுத்தினார்.

ஆனால் காலம் கருவியை விடக் கொடியது. 1994-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, முழுதும் புதையுண்டவர்களின் கணக்கைக் காட்டியது. 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் 92 விழுக்காட்டினர் பிழைத்தனர். 35 நிமிடங்களில் அது 30 விழுக்காடாக வீழ்ந்தது. ஹெலிகாப்டர் பெரும்பாலும் இந்த 15 நிமிடங்களுக்குள் வந்துசேராது. பக்கத்தில் நிற்கும் நண்பனே மீட்பன். அவனுக்குப் பயிற்சி இல்லையென்றால், விலையுயர்ந்த கருவியும் பையில் கிடக்கும் பொருள் மட்டுமே.

இவ்வளவையும் எழுதும் நான் இதில் குற்றமற்றவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் இளையோர் குழுவை ஒரு குளிர்கால நடைப்பயணத்துக்கு அழைத்துச் சென்றேன். அறிவிப்பு கொடுத்தாயிற்று, பணம் வாங்கியாயிற்று, சிகரச் சிலுவையின் அடியில் செபமாலை சொல்வது என்று திட்டம். வழியில் ஒரு வெண்சரிவை நெருங்கியபோது, காலடியில் 'வும்' என்று ஓர் அடக்கமான ஒலி எழுந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பதினேழு வயது மாணவி ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாள். மலைப்பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவள். "ஃபாதர், உள்ளே படலம் உடைந்த சத்தம் இது. திரும்பிவிடுவோம்" என்றாள். நான் தயங்கினேன். எத்தனை பேரிடம் என்ன விளக்கம் சொல்வது என்பதுதான் அந்தக் கணத்தில் என் மனத்தில் ஓடியது. அவள் மீண்டும் சொன்னாள். திரும்பினோம். கீழே ஒரு மரத்தடியில் நின்று செபமாலை சொன்னோம்.

அந்தச் சரிவு அன்று இறங்கியதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் என் தயக்கத்தின் நீளம் எனக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் வெட்கப்படுகிறேன். பனியை விடவும், 'சொன்னதை மாற்றினால் மதிப்பு போய்விடும்' என்ற என் எண்ணமே அன்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது.

ஆகவே, அந்தத் தாய்க்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: அம்மா, மூன்று என்பது நிம்மதிக்கான எண் அன்று, உரையாடலுக்கான எண். மகனைத் தடுக்க வேண்டாம். தடுத்தால் சொல்லாமல் போவான். உட்கார வைத்துக் கேளுங்கள். இன்றைய அறிக்கையில் எண்ணுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, எந்த உயரத்தில், எந்தத் திசைச் சரிவில் ஆபத்து? நீங்கள் போகும் வழியில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு உண்டா? உன்னைத் தோண்டி எடுக்க உன் நண்பர்களுக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் அவன் தெளிவாக விடை சொன்னால், அவன் உங்களை விட நன்றாகப் படித்திருக்கிறான் என்று மகிழுங்கள். சொல்ல இயலவில்லை என்றால், அவனே தன் அறியாமையை உணர்வான்.

இறுதியாக ஒன்று சொல்லி அனுப்புங்கள்: "பாதியில் திரும்பி வந்தால் இந்த வீட்டில் ஒருவரும் உன்னைக் கேலி செய்ய மாட்டோம்." காற்று மாறியதைக் கண்டு வெறும் வலையோடு கரை திரும்பிய மீனவரை நம் ஊரில் எவரும் கோழை என்று சொன்னதில்லை. அவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருந்தார்.

வெண்டின் பங்குத்தந்தையையும், ஷ்னேஃபெர்னர்ஹவுஸ் தளத்தில் வெயில் காய்ந்த பத்துப் பேரையும், கால்ட்யூர் மக்களையும், சியாச்சின் வீரர்களையும் வரும் ஞாயிறு திருப்பலியில் நினைவுகூர்வோம். குளிர்கால மலைப்பயணத்துக்குப் போகும் பிள்ளைகள் திருப்பலிக்குப் பின் சற்று நேரம் தங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று எனக்குப் பாடம் சொன்ன அந்த மாணவி, இப்போது தேர்ச்சி பெற்றவளாக, கருவியைப் பயன்படுத்தும் முறையைக் காட்ட இசைந்திருக்கிறாள். பெற்றோரும் வரலாம், முதல் வரிசையில் நானும் மாணவனாக அமர்ந்திருப்பேன்.

இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. மலைக்குப் போன ஒவ்வொருவரும் மாலையில் வீட்டுக் கதவைத் தட்டுவார்களாக.

உங்கள் பங்குப் பணியில்,
அருள்தந்தை
மியூனிக்